அரகோன் சாலையும் அஜமிய்யா ஏடுகளும்

ஸ்பெயின் என்றவுடன் நம்மவர் நெஞ்சில் எழுவன மூன்று: குர்துபாப் பள்ளிவாசலின் தூண் வரிசை, கர்னாத்தாவின் அல்ஹம்ரா, இஷ்பீலியாவின் உயர்ந்த மினாரா. எண்ணூறு ஆண்டு வரலாற்றை இம்மூன்று கட்டடங்களுள் அடக்கி, 1492இல் கர்னாத்தா வீழ்ந்ததோடு கதையை முடித்து, ஒரு பெருமூச்சுடன் நூலை மூடிவிடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. ஆயினும் அரசர்கள் வெளியேறிய பின்னரும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்நாட்டில் நம் சமயத்தவர் வாழ்ந்தனர். அவர்கள் உழவர், குயவர், கொத்தர், தச்சர். அவர்களுடைய வரலாற்றை அரண்மனைகளில் தேடிப் பயனில்லை. வயல்களுக்கிடையே மெல்ல ஏறி மெல்ல இறங்கும் சிற்றூர்ச் சாலைகளில்தான் அது கிடக்கிறது.

அத்தகைய சாலைகளை இன்று நெருங்கி அறிந்தவர்கள் மிதிவண்டி ஓட்டுவோரே. ஸ்பானிய மக்களுக்கு மிதிவண்டியில் தீராத பற்று உண்டு. நாட்டைச் சுற்றிவரும் 'வுவெல்தா' என்னும் அவர்களது பெரும்பந்தயம் 1935இல் தொடங்கியது. பந்தயம் ஒருபுறமிருக்க, ஓய்வு நாட்களில் ஊர் ஊராக மிதித்துச் செல்வோர் பலர். மோட்டாரில் விரைபவருக்கு ஊர்ப்பெயர்ப் பலகை கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துபோகும். மேட்டில் மூச்சு வாங்க மிதிப்பவருக்கோ அதனை எழுத்தெழுத்தாகப் படிக்க நேரமுண்டு. பக்கத்து வாய்க்காலின் சலசலப்பும் அவர் செவியில் விழும். அரபு கற்ற ஒருவர் அவ்வாறு செல்வாராயின் வழிநெடுகத் தமக்குத் தெரிந்த சொற்களே தம்மை எதிர்கொள்வதைக் காண்பார்.

ஸரகுஸ்தாவிலிருந்து

வடகிழக்கு ஸ்பெயினில், எப்ரோ ஆற்றங்கரையில் உள்ளது ஸரகோஸா. அரபியர் அதனை ஸரகுஸ்தா என்றனர். மெய்ஞ்ஞானி இப்னு பாஜ்ஜா பிறந்த நகரம் அது. பனூ ஹூத் மரபினர் பதினோராம் நூற்றாண்டில் எழுப்பிய அல்ஜஃபரிய்யா மாளிகை இன்றும் அங்கு நிற்கிறது. அரகோன் மாநிலச் சட்டமன்றம் அதில்தான் கூடுகிறது. 1118 டிசம்பரில், ஹிஜ்ரி 512 ரமளானில், இந்நகரம் அல்போன்ஸோ மன்னனிடம் வீழ்ந்தது. அறிஞரும் செல்வரும் பெரும்பாலும் தெற்கே பெயர்ந்தனர். நிலத்தை விட்டுச் செல்ல இயலாத உழவரும் கைவினைஞரும் தங்கினர். 'முதஜ்ஜன்' என்று அவர்களுக்குப் பெயர். தங்கியிருக்க விடப்பட்டவர் என்பது அதன் கருத்து. இவ்வாறு தங்கியவர்கள் அந்நிய ஆட்சியில், சிறுபான்மையினராக, ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் வாழ்ந்தனர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நகரிலிருந்து தென்மேற்கே உவெர்வா ஆற்றை ஒட்டிச் சாலை செல்கிறது. 'சியெர்ஸோ' என்னும் வறண்ட வடமேற்குக் காற்று மிதிவண்டிக்காரரின் பொறுமையைச் சோதிக்கும். முதலில் வருவது முவெல் என்னும் குயவர் ஊர். 1585இல் இரண்டாம் பிலிப் மன்னனின் பரிவாரத்துடன் இவ்வழியே சென்ற ஹென்ரீக் கோக் என்பவர் இவ்வூரைப் பற்றி எழுதி வைத்தார். பாதிரியாரும் ஆவண எழுத்தரும் விடுதிக்காரரும் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பழைய முஸ்லிம்களின் வழியினர் என்றும், கிறித்தவத் திருத்தலமான சாந்த்தியாகோவுக்குச் செல்வதைவிட மக்காவுக்குச் செல்லவே அவர்கள் விரும்புவர் என்றும் அவர் குறித்தார். ஞானஸ்நானம் கட்டாயப்படுத்தப்பட்டு அப்போது அறுபது ஆண்டுகளாகியிருந்தன!

முவெலைக் கடந்தால் திராட்சைத் தோட்டங்களும் பாதாம், ஒலிவ மரங்களும் நிறைந்த நிலம். அல்கைரேன் குன்றுகளின் அடிவாரத்தில் அகுவரோன், கொசுவெந்தா, அல்மொனாஸித் என்று சிற்றூர்கள் தொடர்கின்றன. அப்பால் ஹலோன் ஆற்றின் பள்ளத்தாக்கு. 'லா அல்முனியா' என்று ஒரு பலகை. 'அல்முன்யா', அதாவது தோட்ட மனை. மேலும் சென்றால் கலத்தாயுத்; 'கல்அத் அய்யூப்', அய்யூபின் கோட்டை. வயலுக்கு நீர் கொணரும் வாய்க்காலை 'அஸேகியா' என்கின்றனர். அது நம் கிதாபுகளில் வரும் 'அஸ்ஸாகியா'. தடுப்பணை 'அஸூத்'; அது 'அஸ்ஸுத்து'. ஒலிவக் கனி 'அஸெய்த்தூனா', அது 'அஸ்ஸைத்தூனா'. நீர்ப்பங்கீட்டைக் கண்காணித்த அலுவலருக்கு அரகோனில் 'ஸாபஸேகியாஸ்' என்று பெயர் வழங்கியது. 'ஸாஹிபுஸ் ஸாகியா' என்பதன் திரிபே அது. ஆண்டவர்களின் பட்டங்கள் மறைந்தன. நீர் பாய்ச்சியவர்களின் சொற்கள் நின்றன.

கோபுரத்தில் ஒரு பெயர்

இவ்வூர்களின் செங்கல் கோபுரங்களைத் தொலைவிலிருந்து காண்போர் மினாராக்கள் என்றே மயங்குவர். உண்மையில் அவை தேவாலய மணிக்கூண்டுகள்; அவற்றை எழுப்பிய கைகளோ பெரும்பாலும் முதஜ்ஜன் கொத்தர்களுடையவை. செர்வேரா ஊரின் தேவாலயத்தில் 1426ஆம் ஆண்டையும் கட்டியவர் பெயரையும் கூறும் எழுத்து இருக்கிறது. அப்பெயர் மஹோமா ராமி. முஹம்மத் என்பதன் அரகோன் உச்சரிப்பு அது. மலுவெந்தாவில் ஒரு தேவாலயத்தின் மரவேலையில், வேறெங்குமன்று, கலிமாவே அரபியில் எழுதப்பட்டிருக்கிறது. பிறருக்காக உழைத்த ஒரு தொழிலாளி தன் ஈமானை மரத்தின்மேல் வைத்துச் சென்றான். அரகோனின் இக்கட்டடக் கலையை யுனெஸ்கோ நிறுவனம் 1986இலும் பின் 2001இலும் உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

தரைக்கடியில் துயின்றவை

இனி அல்மொனாஸித் ஊருக்குத் திரும்புவோம். 1884இல் அங்கு ஒரு பழைய வீட்டை இடித்தபோது, தரைக்கும் அதன்கீழ் அமைந்த மற்றொரு தளத்துக்கும் இடையே கையெழுத்து ஏடுகள் அடுக்கடுக்காக வெளிப்பட்டன. அவற்றின் அருமை அறியாமல் பல ஏடுகள் சிதைக்கப்பட்டன. சிறுவர் தீமூட்டி விளையாடவும் தாள்கள் பயன்பட்டன. எஞ்சியவற்றை அறிந்தோர் மீட்டனர். அவற்றுள் பெரும்பகுதி இன்று மத்ரித் நகரின் ஆராய்ச்சி நூலகத்தில் உள்ளது.

அரபெழுத்தில் இருந்த அவ்வேடுகளுள் பல, அரபியர் படித்தால் விளங்கா. எழுத்து அரபு, மொழியோ அரகோனியர் பேசிய ஸ்பானியம்! 'அஜமிய்யா', அதாவது அரபல்லாத மொழி என்ற சொல்லிலிருந்து 'அல்ஹமியாதோ' என்று அறிஞர் அதனை அழைப்பர். அரபியில் இல்லாத 'ப' ஒலிக்குப் 'பா' எழுத்தின்மேல் ஷத்து இட்டனர். 'ச்ச' ஒலிக்கு 'ஜீம்' எழுத்தின்மேல் ஷத்து இட்டனர். குர்ஆன் பகுதிகளும் விளக்கமும், ஃபிக்ஹு, துஆக்கள், நபிமார் வரலாறு, யூஸுஃப் நபியைப் பாடும் காவியம் எல்லாம் இவ்வாறு எழுதப்பட்டன. மக்கள் அரபை மறந்துவிட்டமையால் அவர்கள் பேசும் மொழியிலேயே தீனை எழுத நேர்ந்தது என்று செகோவியா ஊர் ஈஸா என்னும் ஃபகீஹ் 1462இலேயே காரணம் கூறினார்.

1526இல் அரகோன் முஸ்லிம்கள் அனைவரும் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டனர். அரபு நூல் வைத்திருப்பது விசாரணை மன்றத்தின்முன் குற்றச் சான்றாயிற்று. நிர்ப்பந்தத்தில் சிக்கியவர் உள்ளத்தில் ஈமானைக் காத்து, இயன்றவாறு சைகையாலேனும் தொழலாம் என்று அஹ்மத் இப்னு அபீ ஜும்ஆ அல்வஹ்ரானீ 1504இல் எழுதிய ஃபத்வா, இந்த அரபெழுத்து ஸ்பானியத்திலும் கைமாறி உலவியது. இறுதியில் 1610 மே 29இல் அரகோனுக்கான வெளியேற்ற ஆணை அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து மட்டும் ஏறத்தாழ 60,000 பேரும், ஸ்பெயின் முழுவதிலுமிருந்து 1609 முதல் 1614க்குள் சுமார் மூன்று லட்சம் பேரும் துரத்தப்பட்டனர். பலர் தூனிஸை அடைந்தனர். அந்நாட்டுத் தஸ்தூர் ஊரின் பள்ளி மினாரா அரகோன் கோபுரங்களின் உடன்பிறப்பாகவே தோன்றுகிறது.

ஏடுகளைத் தரைக்கடியில் இட்டு மூடியவர் யாராயினும், மீண்டும் திறப்போம் என்று நம்பியே மூடியிருப்பார். திறந்தவர் எவரும் அவர் வழியினர் அல்லர்.

நமக்குரிய பாடம்

தமிழ் முஸ்லிம்களுக்கு இவ்வரலாறு அந்நியமன்று. தாய்மொழியை அரபெழுத்தில் எழுதித் தீனைக் காத்தவர்கள் நம் முன்னோரும்தாம். தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபெழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டி அவர்கள் அரபுத்தமிழை அமைத்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் (மறைவு 1898) 'மகானீ' போன்ற நூல்கள் வழியே, தமிழெழுத்துப் படியாத நம் பாட்டிமார் மார்க்கச் சட்டங்களைக் கற்றனர். அரகோனில் அச்சத்தின் நடுவே செய்யப்பட்டதை இங்கு நாம் அமைதியில் செய்தோம்.

வேறுபாடு ஒன்று உண்டு. அது நமக்குப் பெருமை தருவதன்று. அவர்களுடைய ஏடுகளை ஒளிக்கச் செய்தது விசாரணை மன்றம். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் அரபுத்தமிழ் ஏடுகளைக் கரையானுக்குக் கொடுக்கும்படி எந்த மன்னனும் ஆணையிடவில்லை. படிக்கத் தெரிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைகின்றனர்; எழுத்தறிந்த கண்கள் இல்லாதபோது, இருக்கும் ஏடும் இல்லாததே.

ஆகவே கர்னாத்தாவுக்காகக் கண்ணீர் விடுவதற்கு முன் நம் பரணை ஏறிப் பார்ப்போம். வீட்டில் ஓர் ஏடு இருப்பின் துடைத்து எடுத்து, படிக்கத் தெரிந்த பெரியவரிடம் பிள்ளைகளை அமர்த்தி, ஒரு பக்கமேனும் கற்பிப்போம். வாய்க்காலின் பெயரை அந்நிலமே காத்துக்கொண்டது. ஏட்டை மனிதர்தாம் காக்க வேண்டும். அதற்கான நல்லெண்ணத்தை அல்லாஹ் நமக்கு அருள்வானாக.