முடிவிலியும் கருந்துளையும்

கணிதவியலார்க்கு முடிவிலி என்பது பயன் மிகுந்ததொரு கருத்து. பௌதிகவியலார்க்கோ அஃது ஓர் எச்சரிக்கை. அளந்தறியத்தக்க பொருளொன்றின் அளவு முடிவிலியாகின்றது எனச் சமன்பாடொன்று கூறுமாயின், இயற்கைதான் அவ்வாறு அமைந்துள்ளதா, அன்றி அச்சமன்பாடு தன் எல்லையைக் கடந்து பேசுகின்றதா என்னும் வினா எழுதல் இயல்பு. இருபதாம் நூற்றாண்டிலே இவ்வினா ஈரிடங்களில் எழுந்தது. ஒன்று, மிகச் சிறியதாகிய இலத்திரனின் நடுவிடம்; மற்றையது, மிகப் பெரிய விண்மீன் ஒடுங்கி அடங்கும் கருந்துளையின் நடுவிடம். முன்னதற்கென வகுத்த மருந்து பின்னதற்கும் ஆகுமோ என அறிஞர் ஆராய்ந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1915ஆம் ஆண்டு நவெம்பர் மாதத்தில் ஐன்ஸ்ரைன் தம் பொதுச் சார்புக் கொள்கையின் சமன்பாடுகளை நிறைவு செய்தார். ஈர்ப்பு என்பது தொலைவிலிருந்து இழுக்கும் விசையன்று, வெளியும் காலமும் வளைந்திருத்தலே அது என்பது அக்கொள்கையின் சாரம். அச்சமன்பாடுகளுக்கு முதன்முதலாக முழுமையான தீர்வு கண்டவர் கார்ல் சுவாட்சைல்ட் என்னும் ஜேர்மானிய வானியலறிஞர். முதலாம் உலகப் போரிலே போர்முனையிற் பணிபுரிந்துகொண்டிருந்த அவர், அவ்வாண்டு டிசெம்பர் 22ஆம் நாள் தம் தீர்வை ஐன்ஸ்ரைனுக்குக் கடிதமூலம் அறிவித்தார். 1916 மே மாதத்தில் அவர் நோயுற்று மறைந்தார். ஒரு பொருளின் திணிவு முழுவதும் ஒரு குறித்த ஆரையினுள் அடங்குமாயின் அதனின்று ஒளியும் வெளியேற இயலாது என்பதும், நடுவிடத்திலே வளைவு முடிவிலியாகின்றது என்பதும் அத்தீர்விலே பொதிந்து கிடந்தன. ஞாயிற்றுக்கு அவ்வாரை ஏறத்தாழ 3 கிலோமீற்றர். நாம் வாழும் புவிக்கோ ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் மாத்திரமே.

மின்னேற்றம் பெற்ற பொருளுக்குரிய தீர்வை 1916இல் ஹான்ஸ் றைஸ்னரும், 1918இல் பின்லாந்து நாட்டவரான குன்னார் நோட்ஸ்ற்றமும் வெளியிட்டனர். றைஸ்னர் வானூர்திப் பொறியியலில் வல்லுநர் என்பது குறிப்பிடத்தக்கது. இத்தீர்விலே ஈர்ப்புக்கு ஐன்ஸ்ரைனின் சமன்பாடும் மின்னுக்கு மக்ஸ்வெல்லின் சமன்பாடும் ஒருங்கே ஆளப்பட்டன. ஆயினும் நடுவிடத்து முடிவிலி நீங்கவில்லை; மின்புலத்தின் முடிவிலியும் அதனோடு சேர்ந்துகொண்டது.

அம்மின்புல முடிவிலியோ ஈர்ப்புக் கொள்கைக்கு முன்னரே அறிஞரை வருத்தி வந்ததொன்று. ஏற்றமொன்றை அணுகுந்தோறும் அதன் புலம், தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாக வளர்கின்றது. இலத்திரன் பருமனற்ற புள்ளியாயின் அதனைச் சூழ்ந்த புலத்தின் சத்தி முடிவிலியாதல் வேண்டும். சத்தியும் திணிவும் ஒன்றெனக் கொண்டால் இலத்திரனின் திணிவும் முடிவிலியாதல் வேண்டும். ஆனால், அளந்து கண்ட திணிவோ 9.1 × 10⁻³¹ கிலோகிராம்.

இம்முரண்பாட்டுக்குத் தீர்வு தேட முற்பட்டவருள் மக்ஸ் போர்ண் தலையாயவர். 1933இலே நாற்சிகளின் சட்டத்தினால் கொற்றிங்கன் பல்கலைக்கழகப் பதவியை இழந்து, தென் தைரோல் மலைப்பகுதியில் தங்கியிருந்த காலத்தில் அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. நியூற்றனின் இயக்கவியலிலே வேகத்துக்கு உச்சவரம்பு இல்லை. சார்புக் கொள்கையோ ஒளியின் வேகத்தை வரம்பாக்கியது. அவ்வாறே மின்புலத்துக்கும் கடத்தற்கரிய வரம்பு ஒன்று இருத்தலாகாதா? இவ்வாறு கொள்ளின், புள்ளியாகிய ஏற்றத்தின் நடுவிலும் புலம் அளவுட்பட்டதாகவே நிற்கும். அதன் மொத்தச் சத்தியும் அளவுட்பட்டதாகும். போர்ண் கொண்ட வரம்பு, மீற்றருக்கு ஏறத்தாழ 10²⁰ உவோற்று என்னும் தரத்தினது. கேம்பிரிட்ஜிலே போலந்து நாட்டவரான லியோப்போல்ட் இன்பெல்டுடன் கூடி, 1934இல் அவர் இக்கொள்கையை விரிவாக வெளியிட்டார்.

இதனையே நேரியலல்லாத மின்னியக்கவியல் என்பர். மக்ஸ்வெல்லின் கொள்கைப்படி இரண்டு ஒளிக்கற்றைகள் வெற்றிடத்தில் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்லும்போது ஒன்றினால் மற்றொன்று மாற்றமுறுவதில்லை. இரு புலங்களின் விளைவு அவற்றின் கூட்டுத்தொகையே. அதனால் அக்கொள்கை நேரியலானது. போர்ண்–இன்பெல்டு கொள்கையிலோ புலங்கள் ஒன்றையொன்று தாக்கும். புலம் மெலிந்தவிடத்து இரண்டு கொள்கைகளும் ஒன்றாகும், செறிந்தவிடத்து வேறாகும்.

இங்கே வரலாற்றின் விந்தையொன்றைக் காண்கின்றோம். இக்கொள்கையைக் கணித வடிவில் அமைத்தற்குப் போர்ணும் இன்பெல்டும் கொண்ட துணிகோவை முறை, ஈர்ப்பையும் மின்னையும் ஒன்றாக்கும் நோக்குடன் ஆதர் எடிங்ரன் முன்னரே வகுத்த வழியைத் தழுவியது. அந்த எடிங்ரனே 1935 ஜனவரி 11ஆம் நாள் இலண்டன் வானியற் கழகத்திலே, 24 வயதினரான சுப்பிரமணியன் சந்திரசேகரின் முடிபை எள்ளி மறுத்தவர். ஞாயிற்றினும் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட திணிவுடைய வெண்குறு விண்மீன் தன்னைத் தாங்கி நிற்க இயலாது என்பது சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற அவ்விளைஞரின் முடிபு. விண்மீன் இவ்வாறு முடிவின்றி ஒடுங்காது தடுக்கும் விதியொன்று இயற்கையில் இருத்தல் வேண்டும் என எடிங்ரன் வாதித்தார். மின்னின் முடிவிலியை நீக்குதற்கு வழிகாட்டியவரே ஈர்ப்பின் முடிவிலியை ஏற்க மறுத்தார். சந்திரசேகரின் கணிப்புச் சரியானது என்பது பின்னர் நிலைநாட்டப்பட்டது. 1983இல் அவர் நோபெல் பரிசு பெற்றார். ஆயினும் எடிங்ரனின் வினா அத்துடன் அழிந்துவிடவில்லை என்பதை மேலே காண்போம்.

போர்ணின் கொள்கை நம் அயலிலும் கால்பதித்தது. சேர் சி. வி. இராமனின் அழைப்பை ஏற்று 1935–36இல் அவர் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்திலே சில திங்கள் தங்கினார். அந்நகரத்துக் கணித அறிஞரான பி. எஸ். மாதவராவ் இக்கொள்கை பற்றி அக்காலத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார்.

இனி, மின்னுக்கு இட்ட மருந்தை ஈர்ப்போடு சேர்த்து முதன்முதலாக ஆய்ந்தவர் பனேஷ் ஹொவ்மன். ஐன்ஸ்ரைனின் சமன்பாட்டிலே மக்ஸ்வெல்லின் புலத்துக்குப் பதிலாகப் போர்ண்–இன்பெல்டு புலத்தை வைத்து, 1935இல் அவர் தீர்வு கண்டார். புலத்தின் முடிவிலி நீங்கியது. வெளியின் வடிவிலோ நடுவிடத்திலே குறை எஞ்சியது. கூம்பின் நுனியை எவ்வளவு கூர்ந்து நோக்கினும் அது தட்டையாகத் தோன்றாதன்றோ? அத்தகையதொரு நுனி அங்கு நின்றது. அதனையும் அகற்றும் பொருட்டு 1937இல் ஹொவ்மனும் இன்பெல்டும் மின்னியக்கவியலின் விதியையே மீண்டும் திருத்தி எழுதினர். ஒரு கொள்கை முடிவிலியை நீக்குமாறு அதன் விதியைத் தெரிந்தெடுத்தல் என்னும் வழக்கம் இங்கேதான் தொடங்கியது எனலாம். பின்னர், 1940களின் இறுதியிலே தொமொனாகா, சுவிங்கர், பைன்மன் ஆகியோர் சொட்டுக் கொள்கை வழியாக இலத்திரனின் முடிவிலியைக் கையாளும் முறையைக் கண்டமையால், போர்ணின் கொள்கை பெரும்பாலும் மறக்கப்பட்டது.

ஈர்ப்பின் முடிவிலியோ மறைய மறுத்தது. 1939இல் ஒப்பன்ஹைமரும் சினைடரும் விண்மீன் ஒன்று ஒடுங்கிக் கருந்துளையாகும் முறையைக் கணித்துக் காட்டினர். அவர்கள் கொண்ட விண்மீன் முற்றிலும் உருண்டையானது. உண்மை விண்மீன்கள் அவ்வாறு செவ்வியன அல்லவாதலின் முடிவிலி தோன்றாது என்று சிலர் ஆறுதல் கொண்டனர். 1955இல் கல்கத்தாவைச் சேர்ந்த அமல்குமார் இராய்சௌதுரி வெளியிட்ட சமன்பாடு அவ்வாறுதலை அசைத்தது. 1965இல் றொஜர் பென்றோஸ் நிறுவிய தேற்றம் அதனைத் தகர்த்தது. சில பொதுவான நிபந்தனைகள் பொருந்துமாயின், உருண்டையாயினும் அன்றாயினும் ஒடுங்கும் பொருளின் உள்ளே ஒருமைப்புள்ளி தோன்றியே தீரும் என்பது அத்தேற்றம்.

தேற்றமொன்றின் வலிமை அதன் நிபந்தனைகளிலே தங்கியுள்ளது. அவற்றுள் ஒன்றை விடுத்தால் வாயில் திறக்கும். 1968இல் சோவியத் ஜோர்ஜியாவின் திபிலிசி நகரிலே நடந்த மாநாட்டில் ஜேம்ஸ் பார்டீன் அவ்வாயிலைக் காட்டினார். ஒளியும் மீளாத எல்லைப் பரப்பு இருக்கும். ஆனால் நடுவிடத்தில் முடிவிலி இராது. தொலைவிலே சுவாட்சைல்ட் கண்ட வடிவையும், நடுவிலே ஈர்த்தலுக்கு மாறாகத் தள்ளும் தன்மையையும் உடையது அவர் எழுதிய கருந்துளை. எவ்வகைப் பொருள் அத்தகைய வடிவை உண்டாக்கும் என்பது முப்பது ஆண்டுகளாக விளங்கவில்லை.

அதனை விளக்கியது மறக்கப்பட்டிருந்த நேரியலல்லாத மின்னியக்கவியலே. 1998இல் அயோன்-பெயாற்றோ, கார்சியா என்னும் இருவர் அத்தகைய புலத்தை மூலமாகக் கொண்டு முடிவிலியற்ற கருந்துளையைத் தீர்வாகப் பெற்றனர். 2000இல், பார்டீனின் கருந்துளையை ஒற்றைக் காந்தமுனையொன்றின் நேரியலல்லாத புலம் உண்டாக்கக்கூடும் எனவும் காட்டினர். ஆயினும் ஒற்றைக் காந்தமுனை இற்றைவரை இயற்கையிற் காணப்பட்டிலது. மின்னேற்றத்தைக் கொண்டே அதனைச் செய்யலாமே எனின், அதற்கும் தடையுண்டு. மெலிந்த புலத்தில் மக்ஸ்வெல்லை ஒத்து நிற்கும் ஒரே விதியைக் கொண்டு, மின்னேற்றமும் முடிவிலியற்ற நடுவும் ஒருங்கேயுடைய தீர்வைப் பெற இயலாது என உருசிய அறிஞர் புறோன்னிக்கோவ் 2001இல் தெளிவுறுத்தினார்.

மருந்திடும் வழி மற்றொன்றும் உண்டு. மூலப்பொருளை மாற்றாது, ஈர்ப்பின் விதியையே மாற்றுதல் அது. ஹேர்மன் வைலும் எடிங்ரனும் 1920களை ஒட்டியே இதனைச் சிந்தித்தனர். ஐன்ஸ்ரைனின் விதியிலே வெளியின் வளைவு நேரடியாக இடம்பெறும். அதற்குப் பதிலாக வளைவின் ஏதேனுமொரு சார்பை இடும் கொள்கையை 1970இல் புக்டால் ஆராய்ந்தார். 1980இல் ஸ்ரறொபின்ஸ்கி, அண்டத்தின் தொடக்க நிலையை விளக்க வளைவின் வர்க்கத்தைச் சேர்த்தார். அண்டம் முடுக்கத்துடன் விரிகின்றது என்பது 1998இல் கண்டறியப்பட்ட பின்னர் இத்துறை பெரிதும் வளர்ந்தது.

இவ்விரு வழிகளும் இணைந்தமைக்கு ஓர் உட்காரணம் உண்டு. மாற்றிய ஈர்ப்புக் கொள்கைகளின் ஒரு வகையிலே, வெளியையும் இணைப்பையும் தனித்தனியே மாறத்தக்கனவாகக் கொள்வர். அங்கே மூலப்பொருளின் ஒரு குறித்த கூட்டுத்தொகையே விதியின் மாற்றத்தை வெளிப்படுத்தும். மக்ஸ்வெல்லின் புலத்துக்கு அத்தொகை பூச்சியம். ஆகவே அப்புலத்தின் முன்னே விதிமாற்றம் வாளாவிருக்கும். நேரியலல்லாத புலத்துக்கோ அத்தொகை பூச்சியமன்று. அதன் முன்னே மாற்றம் விழித்தெழும். 2008இல் ஹொலென்ஸ்ரைன், லோபோ ஆகியோரும், 2011இல் ஒல்மோ, றூபியெரா-கார்சியா ஆகியோரும் இத்தகைய இணைப்பிற் கருந்துளைத் தீர்வுகளை ஆராய்ந்து வெளியிட்டனர். அவற்றைத் தொடர்ந்து வந்த ஆய்வுகள் பல.

இவ்வளவால் முடிவிலி ஒழிந்ததோ எனின், அவ்வாறு கூறல் அவசரமாகும். நடுவிடத்தைச் செப்பஞ்செய்த இக்கருந்துளைகள் பலவற்றில் வெளியெல்லைக்கு உள்ளே மற்றோர் எல்லை அமைகின்றது. அத்தகைய உள்ளெல்லை சிறு கலக்கத்தையும் தாங்காது பெருக்கிவிடும் என்பதை 1990இல் புவாசோன், இஸ்ரேல் ஆகியோர் மின்னேற்றக் கருந்துளை பற்றிய ஆய்விலே காட்டினர். ஓரிடத்து அடைத்த முடிவிலி வேறோரிடத்து வெளிப்படுமோ என்பதே இன்று இத்துறையின் பெரும் வழக்கு. விண்ணிலுள்ள கருந்துளைகள் புறக்கணிக்கத்தக்க அளவு ஏற்றமே உடையன எனக் கருதப்படுதலும் மறத்தற்குரியதன்று.

நோக்கல் கூறுவதும் கேட்கத்தக்கது. 2015 செப்ரெம்பர் 14ஆம் நாள் இரு கருந்துளைகள் ஒன்றிணைந்தமையால் எழுந்த ஈர்ப்பலை முதன்முறையாகப் பதிவாயிற்று. 2019 ஏப்ரில் 10ஆம் நாள், ஞாயிற்றினும் ஏறத்தாழ 650 கோடி மடங்கு திணிவுடைய எம் 87 கருந்துளையின் நிழற்படம் வெளியிடப்பட்டது. இவ்விரண்டும் ஐன்ஸ்ரைனின் பழைய விதியோடு இணங்கியே நின்றன. ஆயினும் இவை காட்டுவன கருந்துளையின் புறத்தையே, அகத்தையல்ல. போர்ண் கொண்ட வரம்பெண்ணும் நிலைக்கவில்லை. அத்தகைய வரம்பு இருப்பின், அது மீற்றருக்கு 10²² உவோற்றினும் மேற்பட்டதாதல் வேண்டும் என அணுக்களின் நிறமாலையைக் கொண்டு 1973இல் கணிக்கப்பட்டது. எனினும் ஒளி ஒளியைத் தாக்கும் என்ற செய்தி பொய்க்கவில்லை. சொட்டுக் கொள்கை வேறு காரணத்தால் 1936இலேயே எதிர்பார்த்த அந்நிகழ்ச்சிக்கு, 2017இல் ஐரோப்பிய அணுவாய்வு நிலையத்து அற்லஸ் ஆய்வுக் குழுவினர் நேர்ச்சான்று கண்டனர்.

ஆகவே, மருந்தின் அளவு பிழைத்தது. மருந்து எதற்காக வகுக்கப்பட்டதோ அந்நோய்க்கு வேறு மருந்தும் வந்தது. எனினும் புலத்துக்கு வரம்பு உண்டோ என்ற வினா அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர், அதனை எழுப்பியவர் எண்ணாத இடத்திலே பயன்தந்தது. எடிங்ரனின் மறுப்பும் அத்தகையதே. சந்திரசேகரின் கணிப்பை மறுத்ததில் அவர் தவறினார். ஒடுக்கத்தின் கடைநிலையிலே இயற்கை எதனைச் செய்யும் என வினவியதில் தவறவில்லை. விண்மீன் ஒடுங்கும் என்பது முடிந்த உண்மை. ஒடுங்கி எதுவாகின்றது என்பதோ முடியாத வினா.

கணிதம் பயிலும் மாணவர் இவ்வரலாற்றினின்று கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. விடை முடிவிலியாகும்போது தாளைக் கிழித்தெறிதலும் தவறு. அதுவே உண்மையென அடங்கிவிடுதலும் தவறு. எந்த எடுகோள் அதனைத் தந்தது, அதனை நீக்குதற்கு எவ்விலையைக் கொடுத்தல் வேண்டும் என்று பொறுமையாக வினவுதலே அறிவு வளர்ந்த நெறி. அவ்விலையை இன்னும் எவரும் முற்றக் கணித்திலர்.