விடுபட்ட விருதுகள்: அமெரிக்க முன்னாள் படைவீரர் பதிவேடுகளைத் திருத்துதல்

அமெரிக்கப் படைகளிலிருந்து விலகுபவருக்கு அரசு தரும் தாள் டிடி 214 எனப்படும் பணிவிலகல் சான்று. 1950 முதல் வழக்கில் இருக்கும் இச்சான்று சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி, பயிற்சி, பெற்ற விருதுகள் ஆகியவற்றைச் சுருக்கமாகத் தருகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இதே வேலையை வேறு எண்களிட்ட படிவங்கள் செய்தன. சான்றில் இருக்க வேண்டிய பதக்கமோ பட்டயமோ இல்லாதபோது அதைச் சேர்க்கும்படி கேட்பதுதான் விருதுப் பதிவுத் திருத்தம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒருவரின் வீரத்தை எடைபோடும் வழக்காகத் தோன்றும். ஆனால் பல மனுக்களில் வீரம் பேச்சிலேயே வருவதில்லை. விருது சட்டப்படி உரியதாகவே இருக்கும். தாளில் மட்டும் ஏறியிருக்காது. அந்தத் தாளை எழுதியதும் அதற்கு ஆதாரமான கோப்பைக் காத்துவந்ததும் அரசு. அப்படியிருக்க, விடுபட்டதை நிரூபிக்கும் சுமை முழுவதையும் மனுதாரர் தலையில் ஏற்றுவது சரியா என்பதே இத்துறையின் மையக் கேள்வி. இடைவெளி யாரால் உண்டானதோ, சுமையும் அதற்கேற்பப் பகிரப்பட வேண்டும் என்பதற்கே சான்றுகள் இடம் தருகின்றன.

விருதுகள் விடுபடுவதற்குக் காரணமாக எழுத்தரின் கவனக்குறைவையே எல்லோரும் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வீரர் விலகும் நாளோடு அவருடைய சான்று நின்றுவிடுகிறது. விருது பற்றிய சட்டமும் ஆணைகளும் நிற்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் காலாட்படைப் போர்ப் பட்டயமோ மருத்துவப் போர்ப் பட்டயமோ பெற்றவர்களுக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கமும் உண்டு என்று தரைப்படை முடிவு செய்தது 1947இல்தான். அதற்குள் அவர்களில் மிகப் பலர் வீடு திரும்பியிருந்தார்கள். பதக்கமும் தானாக வரவில்லை, கேட்டுப் பெற வேண்டியிருந்தது. வியட்நாமில் பணியாற்றிய அமெரிக்கத் தரைப்படைப் பிரிவுகள் அனைத்துக்கும் தென் வியட்நாம் அரசின் வீரச்சிலுவைப் பிரிவுப் பாராட்டை அறிவித்த ஆணை 1974ஆம் ஆண்டின் 8ஆம் எண் பொது ஆணை. கடைசி அமெரிக்கப் படையினரும் 1973 மார்ச்சிலேயே வெளியேறிவிட்டதால், அங்கே போரிட்டவர்களின் சான்றுகளில் அது இல்லாதிருப்பதே இயல்பு. போர்க்கைதிப் பதக்கத்தை அமெரிக்க நாடாளுமன்றம் ஏற்படுத்தியது 1985இல். 1917 ஏப்ரல் 5க்குப் பின் சிறைப்பட்டவர்களுக்கு அது பொருந்தும். கொரியப் போர் வீரர்களுக்குத் தென் கொரியா 1950களின் தொடக்கத்திலேயே தர முன்வந்த பதக்கத்தை ஏற்க அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இசைந்தது 1999இல். ஏறத்தாழ அரை நூற்றாண்டுத் தாமதம்! இவற்றில் எதையும் வீரரின் அலட்சியம் என்று சொல்ல வழியில்லை.

ஆகவே விடுபட்ட விருதுகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட இடத்தில் பணியாற்றியதாலேயே உரியதாகும் விருதுகள் முதல் வகை. ஆணை பிறந்தும் பதிவேறாதவையும், காயம் போன்ற ஒரு நிகழ்வு நடந்திருந்தாலே உரிமை பிறப்பவையும் இரண்டாம் வகை. மேலதிகாரி பரிந்துரைத்திருக்க வேண்டியும் பரிந்துரைக்காமல் விட்ட வீரச்செயல் விருதுகள் மூன்றாம் வகை. மூன்றுக்கும் வாசல் வேறு. முதல் வகைக்கு 180 எண் கொண்ட பொதுப் படிவத்தை நிரப்பி மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு அனுப்பினாலே பெரும்பாலும் போதும். அங்கே கோப்பைப் பார்த்துத் தகுதியை உறுதி செய்வார்கள்; தேவையானால் அந்தந்தப் படையின் அலுவலகத்துக்கு அனுப்புவார்கள்; பழைய சான்றோடு இணைக்கும் டிடி 215 என்ற திருத்தத் தாள் பிறக்கும். அந்த வழி அடைபட்டாலும், பெரும்பாலான இரண்டாம் வகை மனுக்களிலும் டிடி 149 படிவத்தில் அந்தந்தப் படையின் பதிவுத் திருத்த வாரியத்தை அணுக வேண்டும். பரிந்துரையே இல்லாத மூன்றாம் வகைக்கு வேறு பாதை: நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கேட்டுக்கொண்டால், காலம் கடந்த பரிந்துரையையும் படைத்துறைச் செயலர் தகுதி அடிப்படையில் ஆராய 1996ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. வாசல் மாறித் தட்டுவதாலேயே ஆண்டுக்கணக்கில் அலைபவர்கள் உண்டு.

திருத்த வாரியங்கள் பிறந்த கதையைச் சற்று நின்று பார்க்கலாம். 1946க்கு முன் ஒரு வீரரின் பதிவில் பிழை இருந்தால், அவர் பெயருக்கென்றே நாடாளுமன்றத்தில் ஒரு தனி மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. போர் முடிந்து இலட்சக்கணக்கானவர்கள் திரும்பிய நிலையில் இது நடக்கிற காரியமா? அவ்வாண்டின் சட்டமன்றச் சீரமைப்புச் சட்டம் இத்தகைய தனி மசோதாக்களைத் தடை செய்துவிட்டு, பிழையைத் திருத்தவோ அநீதியை நீக்கவோ படைத்துறைச் செயலர்களுக்கே அதிகாரம் தந்தது. சீருடை அணியாத குடிமை அதிகாரிகளைக் கொண்ட வாரியங்கள் வழியாக அது செயற்பட வேண்டும் என்பதும் விதி. பிழை தெரியவந்த மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆனால் நீதியின் பொருட்டு அந்த வரம்பைத் தளர்த்த வாரியத்துக்கு உரிமை உண்டு. அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய பணியைப் பற்றிய மனுக்களும் ஆராயப்படுவது இதனால்தான். சட்டத்தின் நோக்கம் தாராளமானது. நடைமுறையில் நுழைந்த ஒரு முன்னனுமானந்தான் இறுக்கமானது. அரசு அலுவலர்கள் தம் கடமையை ஒழுங்காகவே செய்திருப்பார்கள் என்று கொண்டு வாரியம் தன் ஆய்வைத் தொடங்குகிறது. அதற்கு மாறாகச் சான்றுகளின் நிறை சாயும்படி காட்ட வேண்டியவர் மனுதாரர்.

இந்த முன்னனுமானத்தின் மேல் விழுந்த கடும் அடி 1973 ஜூலை 12ஆம் நாள் தீ. செயின்ட் லூயிஸ் புறநகரில் இருந்த ஆவண மையக் கட்டடத்தின் ஆறாம் மாடியில் நள்ளிரவுக்குச் சற்றுப் பின் பிடித்த நெருப்பு முழுதாக அணைய நாட்கள் ஆயின. ஆவணக் கூடத்தில் நீர்த்தெளிப்பான்களும் இல்லை, தீத்தடுப்புச் சுவர்களும் இல்லை. அழிந்தவை 1 கோடியே 60 இலட்சம் முதல் 1 கோடியே 80 இலட்சம் கோப்புகள். 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரை விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு போயிற்று. 1947 செப்டம்பர் முதல் 1964 தொடக்கம் வரை விலகிய வான்படையினரில், அகரவரிசையில் ஹப்பர்ட் என்ற பெயருக்குப் பின்வருவோரின் கோப்புகளில் சுமார் 75 விழுக்காடு எரிந்தது. நகல் இல்லை, நுண்படச் சுருள் இல்லை, என்னென்ன இருந்தன என்று சொல்லும் அட்டவணைகூட இல்லை. கடற்படை, மரைன் கோப்புகள் தப்பின. விளைவைப் பாருங்கள்: கொரியாவில் ஒரே குளிர்காலத்தில் காயம்பட்ட மரைன் வீரருக்குக் கோப்பு இருக்கும், தரைப்படை வீரருக்குப் பெரும்பாலும் இருக்காது. வான்படையிலோ பெயரின் முதலெழுத்தே ஒருவருடைய சான்றின் கனத்தைத் தீர்மானித்துவிட்டது. இந்த ஏற்றத்தாழ்வுக்கு வீரர் எந்த வகையிலும் பொறுப்பல்லர்.

எரிந்த கோப்பை ஈடுசெய்ய அரசிடமே சில மாற்று ஆவணங்கள் உள்ளன; அவற்றைத் தேடி எடுப்பதே இத்துறையின் கைத்திறன். ஒவ்வொரு பிரிவும் நாள்தோறும் எழுதிய காலை அறிக்கையில் யார் வந்தார், யார் மருத்துவமனைக்குப் போனார், யார் காணாமற்போனார் என்ற மாற்றங்கள் பதிவாகும். தரைப்படைத் தலைமை மருத்துவர் அலுவலகம் புள்ளிவிவரத்துக்காகத் தொகுத்த சுமார் ஒரு கோடி மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவுகள் 1988இல் கண்டெடுக்கப்பட்டன. அவற்றில் பெயர் இல்லை, படை எண்தான். எண் தெரியாத குடும்பத்துக்கு அவை பூட்டிய பெட்டி. சம்பளத் தாள்களும் உதவக்கூடும். 1944 முதல் காலாட்படைப் போர்ப் பட்டயம் பெற்றவருக்கு மாதம் 10 டாலர் கூடுதலாகத் தரப்பட்டது. அந்தத் தொகை ஒரு தாளில் தென்பட்டால் பட்டயத்துக்கும், பட்டயத்தின் வழியே வெண்கல நட்சத்திரத்துக்கும் தடம் கிடைக்கிறது. வியட்நாம் காலத்துக்குத் தரைப்படையின் பொது ஆணைகளைத் தேடும் கணினிக் குறிப்பேடும் உயிரிழந்தோர், காயமுற்றோர் பட்டியலும் உள்ளன. இவற்றில் பெரும்பாலானவை சாதாரண மனுதாரரின் கைக்கு எளிதில் எட்டும் தொலைவில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சிக்கல் உச்சத்தை எட்டுவது, போர்க்காயத்துக்கு வழங்கப்படும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்துக்கான மனுக்களில். காயம் எதிரியின் செயலால் ஏற்பட்டிருக்க வேண்டும். மருத்துவச் சிகிச்சை தேவைப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சிகிச்சை பதிவாகியிருக்க வேண்டும். முதல் இரண்டும் போர்க்களத்தில் நடப்பவை. மூன்றாவது அலுவலகத்தில் நடப்பது. கட்டுப்போட்டுவிட்டு வீரரைத் திரும்ப முன்வரிசைக்கு அனுப்பிய முதலுதவியாளர் எழுதாமல் விட்டிருந்தால், அல்லது எழுதிய தாள் 1973இல் எரிந்திருந்தால், உண்மையான காயமும் இல்லாததாகிவிடும். வாரிய முடிவுகளைப் படிப்பவர் அடிக்கடி சந்திக்கும் ஒரு காட்சி உண்டு. கேட்ட பர்ப்பிள் ஹார்ட் போதிய சான்றில்லை என்று மறுக்கப்படும். அதே முடிவின் கடைசியில், மனுதாரர் கேட்காத நன்னடத்தைப் பதக்கம், போர்த்தொடர் நட்சத்திரங்கள், வீரச்சிலுவைப் பிரிவுப் பாராட்டு ஆகியவற்றைச் சேர்க்கும்படி குறிப்பு இருக்கும். அந்த விருதுகளுக்கான ஆதாரம் இத்தனை காலமும் அரசின் அலமாரியிலேயே இருந்தது. யாராவது கேட்கும்வரை எவரும் திறந்து பார்க்கவில்லை. அலுவலர்கள் கடமையை ஒழுங்காகச் செய்திருப்பார்கள் என்ற அனுமானத்துக்கு எதிராக வாரியங்களின் சொந்த முடிவுகளே இப்படிச் சாட்சி சொல்கின்றன.

சுமையைத் தளர்த்தினால் பொய்யர்களுக்குக் கதவு திறக்கும் என்பது முதல் மறுப்பு. இது வெறும் அச்சமல்ல. பெறாத பதக்கங்களைப் பெற்றதாகச் சொல்லிக்கொள்வோர் இருப்பதால்தான் அதைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. உச்ச நீதிமன்றம் 2012இல் பேச்சுரிமையின் பேரில் அதை நீக்கியபின், ஆதாயம் பெறும் நோக்கம் இருந்தால் குற்றம் என்று 2013இல் புதுச் சட்டம் எழுதப்பட்டது. ஆவணம் தீயில் எரிந்தது என்பதைவிட வசதியான சாக்கு ஒரு பொய்யருக்குக் கிடைக்காது என்பதும் உண்மையே. ஆனால் சுமையைப் பகிர்வது, சொன்னதையெல்லாம் நம்புவதாகாது. அதே அரசின் முன்னாள் படைவீரர் நலத்துறையில் ஆதரவும் எதிர்ப்புமான சான்றுகள் ஏறத்தாழச் சமமானால் ஐயத்தின் பலன் கோருபவருக்கே என்பது சட்டம். பதிவுகள் அரசின் காவலில் அழிந்திருந்தால், முடிவுக்கான காரணத்தை விளக்கும் கடமை கூடுகிறது என்று அத்துறை முடிவுகளுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் கூறியது. அது தரத்தைத் தாழ்த்தவில்லை. தேடாமலும் விளக்காமலும் மறுப்பதற்குத் தடை போட்டது. இந்த அளவு கடமையைத் திருத்த வாரியங்களுக்கும் விதித்தால் பொய்யருக்கு என்ன இலாபம்? காலை அறிக்கையும் படை எண்ணும் தேடப்படுவது பொய்யருக்குத்தான் பாதகம்.

காலங்கடந்து தரப்படும் விருது, உரிய நேரத்தில் பெற்றவர்களின் விருதை மலிவாக்கும் என்பது இன்னொரு மறுப்பு. மூன்றாம் வகையைப் பொறுத்தவரை இதற்கு வலு உண்டு. ஐம்பது ஆண்டு கழித்து ஒரு வீரச்செயலை நினைவிலிருந்து அளப்பது கடினம், அங்கே சுமை பரிந்துரைப்பவரிடமே இருப்பது நியாயம். ஆனால் உரிய நேரத்து முடிவுகளும் பழுதற்றவை அல்ல. 1917இல் தரைப்படை தன் மிக உயர்ந்த விருதான மெடல் ஆஃப் ஹானர் பட்டியலிலிருந்து 911 பெயர்களை நீக்கியது. பணி நீட்டிப்புக்கு இசைந்ததற்காக ஒரு படைப்பிரிவு முழுவதற்கும் வழங்கப்பட்டவையே அவற்றில் பெரும்பகுதி. அந்த நீக்கம் சரியே. அதே பட்டியலில் உள்நாட்டுப் போரின் மருத்துவர் மேரி வாக்கரும் நீக்கப்பட்டார். திருத்த வாரியத்தின் பரிந்துரையால் 1977இல் அவர் விருது மீண்டது. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய கறுப்பின அமெரிக்கர்களில் ஒருவருக்குக்கூட அந்த விருது கிடைக்காததை ஆராய 1990களில் தரைப்படையே ஓர் ஆய்வை ஏற்பாடு செய்தது. விளைவாக 1997 ஜனவரியில் ஏழு பேருக்கு அது வழங்கப்பட்டது. அவர்களில் அப்போது உயிரோடிருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவரே. இவற்றால் விருதின் மதிப்பு குறைந்ததாக யாரும் கருதவில்லை.

ஒரு துண்டு நாடாவுக்காக இத்தனை பாடா என்று கேட்பவர்கள், அந்த நாடா எதையெல்லாம் திறக்கிறது என்று பார்ப்பதில்லை. பர்ப்பிள் ஹார்ட் பெற்றவருக்கு நலத்துறை மருத்துவமனைகளில் முன்னுரிமை உண்டு. 2001 செப்டம்பர் 11 முதலான பணிக்காக அதைப் பெற்றவருக்கு, 2018 ஆகஸ்ட் முதல் முன்னாள் படைவீரர் கல்வி உதவித்திட்டத்தின் முழுப் பயனும் உண்டு. ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் புதைக்கப்படும் தகுதியும் அதனோடு வருகிறது. மன அதிர்ச்சி நோய்க்கு இழப்பீடு கோருபவர் போரில் ஈடுபட்டதைக் காட்ட, போர்ப் பட்டயம் ஒன்றே வலுவான சான்று. இவற்றையெல்லாம் வழங்கும் நலத்துறையோ பதிவைத் திருத்த முடியாது. படைத்துறை எழுதியதற்கு அது கட்டுப்பட்டது. காகிதக் காலம் போனதால் சிக்கலும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. 2020 ஜனவரி 8 அன்று ஈராக்கின் அல் அசாத் தளத்தின் மீது ஈரான் ஏவிய ஏவுகணைகளால் நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களுக்கு மூளைக்காயம் உண்டானது உறுதியானது. கணினிப் பதிவுகள் எல்லாம் இருந்தும் முதலில் 29 பேருக்கே பர்ப்பிள் ஹார்ட் கிடைத்தது. ஊடகங்கள் கேள்வி எழுப்பியபின் மறு ஆய்வு நடந்து, 2021 டிசம்பரில் தரைப்படை மேலும் 39 பேருக்கு இசைவளித்தது.