பிசிஓஎஸ்: சினைப்பையில் தேடியது ரத்தத்தில் கிடைத்த கதை

'நீர்க்கட்டி இருக்கு' என்ற ஒற்றை வரியில்தான் நம்ம ஊரில் பலருக்கும் பிசிஓஎஸ் அறிமுகமாகிறது. கேட்டவுடன் பயம் வருகிற வார்த்தை. ஆனால் ஸ்கேனில் தெரிவது கட்டியே இல்லை. முட்டையைச் சுமக்கும் நுண்பைகள் முழுசா வளராமல் பாதியில் நின்றுபோய், சினைப்பையில் வரிசையாகத் தெரிகின்றன. அவ்வளவுதான்.

பிறகு ஏன் இந்தப் பெயர்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பழைய ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினேன். எனக்குப் புரிந்தது இது: எந்தக் கருவி கையில் இருந்ததோ, அதற்குத் தெரிந்ததுதான் நோயின் அடையாளமாக ஆகியிருக்கிறது.

1935இல் சிகாகோவின் மைக்கேல் ரீஸ் மருத்துவமனையைச் சேர்ந்த இர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவென்தால் இருவரும் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். மாதவிடாய் வராமை, குழந்தையின்மை, சிலருக்கு முகத்தில் ரோமம், சிலருக்கு உடல் பருமன். வயிற்றுக்குள் வாயுவைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் சினைப்பைகள் பெரிதாக இருந்தன. அறுவை சிகிச்சையில் அவற்றின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். ஏழு பேருக்கும் மாதவிடாய் திரும்பியது, இரண்டு பேர் கருவுற்றார்கள். கண்ணுக்குத் தெரிந்தது சினைப்பை, கத்தி போனதும் சினைப்பைக்கு. நோயின் பெயரும் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

இத்தனைக்கும் வேறொரு தடயம் ஏற்கெனவே இருந்தது. 1921இல் பாரிஸில் அஷார், தியேர் என்ற இரு மருத்துவர்கள் 'தாடியுள்ள பெண்களின் நீரிழிவு' என்று ஒரு நிலையை விவரித்திருந்தார்கள். ரோமமும் சர்க்கரையும் ஒரே உடலில் சேர்ந்து வருவது அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. ஏன் என்று பார்க்கத்தான் கருவி இல்லை.

ரத்தத்தில் ஹார்மோன்கள் இருக்கும் அளவு அப்படி. நானோகிராம் கணக்கு, அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. சாதாரண வேதியியல் முறைகளுக்கு அது எட்டாது. அதனால் நோயாளியின் சிறுநீரைச் சேகரித்து, அதன் சாரத்தை எலிக்கு ஊசி போட்டு, எலியின் உறுப்பு எவ்வளவு எடை கூடுது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதை மாற்றியவர்களில் ஒருவர் மருத்துவரே இல்லை, இயற்பியல் படித்தவர். ரோசலின் யாலோ, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் துப்புரவுச் சாமான்கள் வைக்கும் அறையை ஆய்வகமாக்கி வேலையைத் தொடங்கினார். கூட்டாளி சாலமன் பெர்சன் மருத்துவர். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களின் உடலில் அதற்கு எதிர்ப்பொருள் உருவாகிறது என்று இருவரும் கண்டபோது, முதலில் கட்டுரை நிராகரிக்கப்பட்டது. அந்த நிராகரிப்புக் கடிதத்தை யாலோ பத்திரமாக வைத்திருந்து, 1977இல் நோபல் உரையிலேயே காட்டினார்! பெர்சன் 1972இலேயே இறந்துவிட்டதால் அவருக்குப் பரிசு இல்லை.

அவர்கள் கண்டுபிடித்த முறை எளிமையானது. பத்து சீட் உள்ள ஒரு வேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பொருள்தான் வேன். கதிரியக்க அயோடின் ஒட்டிய இன்சுலினையும் நோயாளியின் இன்சுலினையும் சேர்த்து ஏறச்சொன்னால் சீட்டுக்குப் போட்டி. நோயாளியின் இன்சுலின் அதிகமாக இருந்தால், கதிரியக்க இன்சுலினுக்குக் கிடைக்கும் சீட் குறையும். வேனில் மிஞ்சிய கதிரியக்கத்தை எண்ணினால் போதும், விடை வந்துவிடும். ரேடியோ இம்யூனோ அஸ்ஸே என்ற இந்த முறை 1960இல் விரிவாக வெளியானது. இருவரும் காப்புரிமை வாங்கவில்லை.

எண்ண ஆரம்பித்தவுடன் ஒரு அதிர்ச்சி. பெரியவர்களுக்கு வரும் நீரிழிவில் பலருக்கு இன்சுலின் குறைவாக இல்லை, அதிகமாகவே இருந்தது. உடல்தான் அதற்குச் சரியாக இணங்கவில்லை. 1980இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகர ஆய்வுக்குழு பிசிஓஎஸ் உள்ள பெண்களை அளந்தது. இன்சுலின் உயர்ந்தவர்களுக்கு ஆண் ஹார்மோன்களும் உயர்ந்திருந்தன. கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை அதிகம் சுரக்கவைக்கிறது என்பது பிறகு தெளிவானது. 1921ஆம் வருடத்துத் தடயத்துக்கு விளக்கம் கிடைக்க அறுபது வருடம் ஆச்சு.

ஆனால் வரலாறு இங்கே ஒரு வேடிக்கை செய்தது. 1990இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கூடியவர்களும், 2003இல் ராட்டர்டாமில் கூடியவர்களும் நோயைக் கண்டறிய விதிகள் வகுத்தார்கள். ராட்டர்டாம் விதிப்படி மூன்றில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ்: முட்டை சரியாக வெளிவராமை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேன் தோற்றம். இரண்டு பட்டியலிலும் இன்சுலின் இல்லை. அதை அளப்பதில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபாடு, எல்லைக்கோடு எங்கே என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. காரணம் நியாயம்தான். விளைவு என்ன? நோய் உறுதியாகி, மாதவிடாய்க்கு மாத்திரை வாங்கிக்கொண்டு, சர்க்கரைப் பரிசோதனையே செய்யாமல் வீடு திரும்ப வழி உண்டாகிவிட்டது.

டெஸ்டோஸ்டிரோன் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. இந்தச் சோதனை முறைகள் ஆண்களின் அளவுக்கு ஓரளவு பொருந்தும். பெண்களிடம் இருப்பதோ அதில் சின்னப் பங்கு. 2003இல் பிரான்சில் பத்து வகைச் சோதனை முறைகளை ஒப்பிட்டார்கள். பெண்களின் மாதிரிகளில் அவை சராசரியாக 46 சதவீதம் கூட்டிக் காட்டின. அதனால்தான் இப்போது மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையை விரும்புகிறார்கள்.

2023இல் வந்த சர்வதேச வழிகாட்டு நெறிகள் பல முடிச்சுகளை அவிழ்த்திருக்கின்றன. வயது வந்தவர்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக ஏஎம்எச் ரத்தப் பரிசோதனையைப் பயன்படுத்தலாம். அந்த நுண்பைகள் சுரக்கும் ஹார்மோன் அது. பதின்வயதுப் பெண்களுக்கு மட்டும் கூடாது. தைராய்டு, புரோலாக்டின் போன்றவை இதே அறிகுறி காட்டும் வேறு நோய்களை விலக்குவதற்கு. மிக முக்கியமானது: நோய் தெரிந்த அன்றே சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கணும். எடை எவ்வளவு இருந்தாலும் சரி. 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனைதான் அதிகத் துல்லியம். வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்தால் சிலரை விட்டுவிடும். ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பவும் பார்க்க வேண்டும். தெற்காசியர்களான நமக்கு நீரிழிவு ஆபத்து ஏற்கெனவே அதிகம் என்பதால் இது இன்னும் பொருந்தும்.

உங்க வீட்டில் யாருக்காவது 'நீர்க்கட்டி' என்று ரிப்போர்ட் வந்திருந்தால், கட்டி எப்போ கரையும் என்பதோடு நிறுத்தாமல் இன்னொரு கேள்வியையும் மருத்துவரிடம் கேளுங்கள்: 'சுகர் டெஸ்ட் எப்போ எடுக்கணும்?'