கல்பனா (திரைப்படம், 1948)

நடனக் கலைஞர் உதய் சங்கர் தம் வாழ்க்கையையே கருவாக்கி, தாமே தயாரித்து, இயக்கி, நாயகனாகவும் ஆடிய இந்திப் படம் கல்பனா. படமாக்கப்பட்ட இடம் சென்னை ஜெமினி ஸ்டுடியோ. நடன அமைப்பாளர் ஒருவர் தம் கதையைத் தம் நடனத்தாலேயே சொன்ன படம் என்றதும் உலகம் பாப் ஃபாசியின் 'ஆல் தட் ஜாஸ்' (1979) படத்தைத்தான் நினைக்கும். கல்பனா அதற்கு 31 ஆண்டு மூத்தது.

உதய்ப்பூரில் 1900இல் பிறந்த உதய் சங்கர், ஓவியம் படிக்க லண்டன் போனவர். எந்த மரபு நடனத்தையும் முறையாகப் பயிலாத அவரை மேடைக்கு இழுத்து வந்தவர் ருஷ்யப் பாலே கலைஞர் அன்னா பாவ்லோவா. அடுத்து பாரிஸ் அவருக்குத் தாயகம்போல ஆனது.  1931இல் அந்நகரில் நடந்த குடியேற்ற நாடுகள் கண்காட்சிக்குத் தந்தையோடு வந்திருந்த வங்கச் சிறுமி அமலா, உதய் சங்கர் குழுவில் சேர்ந்தார். பின்னாளில் அவருடைய மனைவியாகி, கல்பனாவின் நாயகியும் ஆனார்.

1938இல் இமயமலைச் சாரலில், அல்மோராவில், உதய் சங்கர் கலை மையம் ஒன்றைத் தொடங்கினார். பரதம் சொல்லிக்கொடுக்க பாலசரஸ்வதியின் குருவான கந்தப்பப் பிள்ளை, கதகளிக்கு சங்கரன் நம்பூதிரி, இசைக்கு அலாவுதீன் கான் என்று பெரிய வாத்தியார்களே அங்கே கூடினார்கள். பின்னாளில் திரைப்பட இயக்குநரான குரு தத் அங்கே மாணவர். போர்க்காலப் பண முடையில் மையம் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. மூடிய பள்ளியை உதய் சங்கர் திரையில் மறுபடி கட்டினார். அதுதான் கல்பனா.

கதை இதுதான்: எழுத்தாளர் ஒருவர் தயாரிப்பாளரிடம் கதை சொல்லப் போகிறார். கதையின் நாயகன் உதயன், மலையடிவாரத்தில் கலை மையம் நிறுவ அலைபவன். உமா, காமினி என இரு பெண்களுக்கிடையே அவன் மாட்டிக்கொள்ளும் பகுதி சுமார்தான். வசூலைத் தவிர வேறொன்றும் தெரியாத அந்தத் தயாரிப்பாளரையும், பணக்காரப் புரவலர்களையும் உதய் சங்கர் கிண்டலடிக்கும் இடங்கள் இன்றும் சூடு ஆறாதவை.

படத்தின் உயிர் நடனங்களில் இருக்கிறது. மேடை ஆட்டத்தை எதிரே நின்று பிடித்த படமல்ல இது. கே. ராம்நாத்தின் ஒளிப்பதிவில் நிழல்களும் ஆடுகின்றன. படத்தொகுப்பும் தாளமும் சேர்ந்து நடக்கின்றன. தொழிலாளரும் எந்திரமும் பற்றிய நடனத்தில், ஆடுவோரின் கைகளே நெம்புகோல், உடல்களே சக்கரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மனித அசைவு விறைத்து எந்திர அசைவாகிவிடுகிறது. இதற்கென்று ஒரு வசனமும் தேவைப்படவில்லை.

பாடல்களை எழுதிய இந்திக் கவிஞர் சுமித்ரானந்தன் பந்த், புதுச்சேரி அரவிந்தரின் சிந்தனையில் ஆழ்ந்தவர். அவருடைய பிற்காலக் கவிதையே அதனால் திசை மாறியது. இசை விஷ்ணுதாஸ் ஷிராலி. தமிழ் ரசிகர்களுக்கு இன்னொரு செய்தி: பத்மினி முதன்முதலாகத் திரையில் தோன்றியது இந்தப் படத்தில்தான். அதே ஆண்டு ஜெமினி அதிபர் எஸ். எஸ். வாசன் வெளியிட்ட 'சந்திரலேகா'வின் முரசு நடனத்துக்கும், ஜெமினியில் நடந்த இந்தப் படப்பிடிப்பே தூண்டுதல் என்பார்கள்.

சந்திரலேகா ஓடியது, கல்பனா ஓடவில்லை. உதய் சங்கர் அதற்குப் பிறகு வேறு கதைப்படம் இயக்கவில்லை. 1977இல் மறைந்தார்.

ஃபாசியின் நாயகன் ஜோ கிடியன் மாத்திரையும் சிகரெட்டுமாகத் தன்னையே எரித்துக்கொள்பவன். தன் மரணத்தையே மேடைக் காட்சியாக்குகிறான். உதயனுக்கு அந்த இருள் கிடையாது. தன் குறைகளைத் தோண்டிப் பார்க்கும் துணிவில் ஃபாசி மேல். ஆனால் ஒரு நாட்டின் நடனங்களையெல்லாம் ஒரே படத்துக்குள் கொண்டுவரும் பேராசை அவரிடம் இல்லை. 'ஆல் தட் ஜாஸ்' 1980இல் கான் விழாவில் தங்கப்பனை விருதை, அகிரா குரோசவாவின் 'ககேமுஷா'வோடு பகிர்ந்துகொண்டது.

கல்பனா அந்த விழாவுக்குப் போக 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மார்ட்டின் ஸ்கார்செசி தொடங்கிய உலக சினிமா அறக்கட்டளை மீட்டெடுத்த பிரதி அங்கே திரையிடப்பட்டபோது, தொண்ணூறு வயதைக் கடந்த அமலா சங்கர் நேரில் வந்திருந்தார். அவர் 2020இல் தம் 101ஆம் வயதில் காலமானார். படம் இப்போது குறுந்தகடாகவும் கிடைக்கிறது. நடனத்தில் நாட்டமுள்ளவர்கள் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும்.