ஊராத்துறையும் அதன் பழஞ்சட்டமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே, வேலணைத் தீவின் வடமேற்கு முனையில் அமைந்த சிறுபட்டினம் ஊர்காவற்றுறை. கடைத்தெருவும் இறங்குதுறையும் பழைய கோயில்களும் கொண்ட அவ்வூரை இன்று காண்பார், ஒருகாலத்தில் வேந்தர் ஒருவரின் ஆணை பெற்ற துறைமுகம் இதுவென எளிதில் எண்ணார்.

அதன் பழம்பெயர் ஊராத்துறை. சோழமன்னன் இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டில் மாதோட்டம், வல்லிகாமம் முதலியவற்றோடு இப்பெயரும் வருகின்றது. சூளவம்சம் கூறும் சூகரதித்த என்னும் துறையும் இதுவே என அறிஞர் கருதுவர். சூகரம் பன்றி, சிங்களத்தில் ஊரா என்பதும் அதுவே. ஊரைக் காக்கும் துறை என்னும் பொருள் பின்னையோர் பொருத்திக்கொண்டதாதல் வேண்டும்.

இத்துறையின் வரலாற்றிற்கு முதன்மையான சான்று அவ்வூரில் இல்லை. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டே அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963ஆம் ஆண்டில் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) விதித்த ஆணை அது. பிறநாட்டார் ஊராத்துறையில் வந்து தங்குதல் வேண்டும். அவர்க்குக் காவல் அளித்தல் வேண்டும். யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கே அரசுக்கு. எஞ்சிய மூன்றும் உடையவனுக்கு. ஏனைய சரக்கு ஏற்றிய கலமாயின் செம்பாதி அரசுக்கு, செம்பாதி உடையவனுக்கு.

சிங்கள மன்னனின் ஆணை தமிழிற் பொறிக்கப்பட்டமை கருதற்பாலது. அதனை வாசித்து அறியவேண்டியோர் துறையில் வாழ்ந்தோரும் அங்கு வந்த வணிகருமேயாவர். அவர்க்கு விளங்கும் மொழியில் எழுதுவதே ஆள்வோனுக்குப் பயன் தருவது.

யானை மலிந்த ஈழத்திற்கு யானை ஏன் வேண்டும் என்னும் ஐயம் எழலாம். பர்மிய மன்னன் யானை வாணிகத்தைத் தடைசெய்தமையும் அவன்மேற் பராக்கிரமபாகு படை அனுப்பியமைக்கு ஒரு காரணம் எனச் சூளவம்சமே உரைக்கின்றது. ஆகவே சலுகை அருளால் மட்டும் எழுந்ததன்று, தேவையால் எழுந்தது. ஆயினும், உடைந்த கலத்தின் பொருள் முழுவதையும் கரையாள்வோர் கவர்ந்துகொள்வது வழக்காயிருந்த காலம் அது. ஆந்திரத்து மோட்டுப்பள்ளியில் காகதீய கணபதி அவ்வழக்கை ஒழித்து அபயம் அளித்தது 1244ஆம் ஆண்டளவிலாகும். அவன் ஆணை இதனினும் இரக்கமுடையது. எனினும் ஊராத்துறைச் சட்டம் அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முந்தியது.

அதே வேந்தன் இத்துறையிற் படைக்கலங்களையும் கட்டுவித்தான். அதனை அறிந்த சோழர் படையேவி இதனையும் அயற்றுறைகளையும் அழித்து யானைகளைக் கவர்ந்தனர் எனத் திருவாலங்காட்டுக் கல்வெட்டுக் கூறும். சட்டம் காத்த துறையைப் போர் காக்கவில்லை.

போர்த்துக்கேயர் காலத்தில் துறை என்னும் பொருள்படும் அவர்தம் சொல்லிலிருந்து கயிட்ஸ் என்னும் பெயர் எழுந்தது. கடலிடையே அவர்கள் அமைத்த கோட்டையை ஒல்லாந்தர் 1658இல் முற்றுகையிட்டபோது நீர்த்தொட்டி அழிந்தது. குடிநீரின்றிக் காவற்படை பணிந்தது. பன்றித்தொடையின் குதி எனப் பொருள்தரும் அம்மன்கீல் என்பது ஒல்லாந்தர் இட்ட பெயர். பன்றி இவ்வூரின் பெயர்களை விட்டு நீங்காதது வியப்பே! வன்னியிற் பிடித்த யானைகள் ஆனையிறவு கடந்து வந்து, ஒல்லாந்தர் காலத்தில் இங்கிருந்தே கோல்கொண்டா, வங்காளம் முதலிய நாடுகளுக்குக் கப்பலேறின. பராக்கிரமபாகு யானை வருவித்த துறை யானை அனுப்பும் துறையாயிற்று.

பாய்க்கப்பல் வாணிகம் தளர, ஊரும் தளர்ந்தது. 1990ஆம் ஆண்டின் போரில் மக்கள் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்தனர், திரும்பியோர் சிலரே. கடற்கோட்டையைக் கடற்படையினர் விடுதியாக்கியுள்ளனர்.

ஊர்காவற்றுறை மாணவன் ஒருவன் தன் ஊரின் பழஞ்சட்டத்தைக் கண்ணாற் காண விரும்பின், வேலணை, புங்குடுதீவு வழியே குறிகட்டுவானை அடைந்து, அங்கிருந்து நயினாதீவுக்குப் படகேறல் வேண்டும்.