தபால் தலையில் எழுந்து நின்றவன்

2005-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் தென் கொரியா ஒரு தபால் தலை வெளியிட்டது. அதில் நிழலுருவமாக ஒரு மனிதன். முதலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், பிறகு எழுகிறான், துள்ளுகிறான், கடைசியில் இன்னொருவரைத் தழுவிக்கொண்டு நிற்கிறான். ஒரு சிறுகதை முழுவதையும் இத்தனூண்டு காகிதத்தில் சொல்லிவிட்ட சித்திரக்காரரை நான் மெச்சத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கதை நடந்ததா என்று கேட்டால், நடக்கவில்லை.

விஷயத்தைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன்.

வாழையடி வாழை என்கிறோம். விதையில்லாமல் தாயின் கிழங்கிலிருந்தே கன்று கிளம்புகிறது. தாயின் குணம் அப்படியே கன்றுக்கு வருகிறது. 'குளோன்' என்ற வார்த்தையும் கிளையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். வாழைக்குச் சுலபமான இந்த வித்தை பிராணிகளுக்கு வருமா? கருவில் முதன்முதல் தோன்றும் அணுக்கள் ரத்தமாகலாம், எலும்பாகலாம், மூளையாகலாம். ஸ்டெம் செல் என்கிற இவற்றைக் குருத்தணு என்று சொன்னால் நமக்குப் புரியும். தோலாகிவிட்ட அணுவோ கடைசி வரை தோல்தான். முற்றிய இலை மறுபடி குருத்தாகுமா?

ஆகலாம் என்று தவளையை வைத்துக் காட்டினார் இங்கிலாந்தின் ஜான் கர்டன். பள்ளிக்கூடத்தில் உயிரியல் பாடத்தில் 250 பேரில் கடைசியாக நின்றவர் அவர்! தவளை முட்டையின் உட்கருவைச் செயலிழக்கச் செய்துவிட்டு, தலைப்பிரட்டையின் குடலணுவிலிருந்து எடுத்த உட்கருவை அதில் வைத்தார். சில முட்டைகள் உயிர்கொண்டு வளர்ந்தன. 1962-இல் இது பிரசுரமாயிற்று. 1996 ஜூலை 5-ஆம் தேதி ஸ்காட்லாந்தில் ரோஸ்லின் ஸ்தாபனத்தில் டாலி என்னும் ஆட்டுக்குட்டி பிறந்தது. ஆறு வயது ஆட்டின் மடியிலிருந்து எடுத்த அணுவே அதற்கு மூலம். 277 முயற்சிகளுக்குக் கிடைத்தது அந்த ஒரே ஒரு குட்டி.

வைத்தியர்களுக்கு ஆசை பிறக்காமல் இருக்குமா? நோயாளியின் அணுவை வைத்தே குருத்தணு உண்டாக்கினால், அவர் உடம்பு அதை அந்நியமென்று தள்ளாதே! அறுந்த தண்டுவடத்தைக்கூட ஒட்ட வைக்கலாமே! 2004-இல், மனிதக் குருத்தணுவை இந்த முறையில் எடுத்துவிட்டேன் என்றார் ஸோலில் ஹ்வாங் வூ-சுக். மறு வருஷம், நோயாளிகளுக்கென்றே பதினோரு வகை தயார் என்றார். நாடே அவரைக் கொண்டாடியது. பெண்கள் தங்கள் கருமுட்டையைத் தானம் செய்ய முன்வந்தார்கள். அந்த ஆண்டின் முடிவில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி சந்தேகத்தைக் கிளப்பியது. 2006 ஜனவரியில் அவருடைய சர்வகலாசாலையே விசாரித்துத் தீர்ப்புச் சொன்னது: பதினொன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, எல்லாம் ஜோடனை. தபால் தலை விற்பனையும் நின்றது.

இட்டுக்கட்டிப் பிழைக்கிறவன் நான். அதனால் எனக்கு இந்தக் குற்றத்தின் கனம் நன்றாகவே தெரிகிறது. என் கதையைப் படிக்கிறவர்கள் அது கதை என்று தெரிந்துதான் கையில் எடுக்கிறார்கள். சக்கர நாற்காலியில் காத்திருந்தவர்கள் அப்படிக் கேட்கவில்லை. அவர்கள் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

ஜப்பானில் ஷின்யா யமனாக்கா வேறு வழி கண்டார். கர்டனின் கட்டுரை வெளிவந்த அதே 1962-இல் பிறந்தவர். அறுவை வைத்தியம் பழகியபோது, அவருடைய கை மந்தத்தைப் பார்த்து, 'இடைஞ்சல்' என்று பொருள்படும் 'ஜமனாக்கா' என்று பட்டப்பெயர் வைத்தார்களாம். 2006-இல், நான்கே ஜீன்களைச் செலுத்தி, எலியின் தோலணுவைக் குருத்தணு போலவே ஆக்கிவிட்டார். மறு வருஷம் மனித அணுவிலும் பலித்தது. கருமுட்டையே வேண்டியதில்லை! 2012-இல் அவரும் கர்டனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஆனால் அந்த நான்கில் ஒன்று புற்றுநோயோடு உறவுள்ளது. ஆகவே நிதானம் வேண்டியிருந்தது. 2014 செப்டம்பரில், கோபே நகரில், மஸாயோ தக்காஹாஷியின் குழு எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாளின் தோலிலிருந்து விழித்திரைக்கான அணுக்களை வளர்த்துக் கண்ணில் வைத்தது. பார்வை பிரமாதமாகத் திரும்பிவிடவில்லை. மேலும் கெடாமல் நின்றது. அடுத்த நோயாளிக்கும் அணுக்கள் தயாராயின. பரிசோதித்துப் பார்த்தபோது அவற்றின் ஜீன்களில் சில மாறுதல்கள் தெரிந்தன. உடனே அந்தச் சிகிச்சையை நிறுத்தி வைத்தார்கள்.

இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது, நோயாளி காத்திருக்கிறார், அணுவோ கையில் இருக்கிறது. அந்த வேளையில், "இன்று வேண்டாம்" என்று சொல்ல எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! எழுந்து துள்ளுகிறவனைச் சித்திரமாகப் போடலாம். நிறுத்திக்கொண்ட கையை எப்படிப் போடுவது? அதனால்தான் அதற்குத் தபால் தலை கிடைப்பதில்லை. ஆனால் நாளைக்கு ஒருவன் நிஜமாகவே எழுந்து நிற்பானானால், அந்தக் கைக்கும் அவன் கடன்பட்டவன்.