டாக்பெர்ரி சொன்னதை யார் கேட்டார்கள்?

போன மாதம் ஒரு நாள் பெண் ஸ்கூலிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். ஆண்டு விழாவுக்கு ஷேக்ஸ்பியரின் 'மச் அடு அபௌட் நத்திங்' போடுகிறார்களாம். பியாட்ரிஸ் வேஷம் நமக்குத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தவளுக்குக் கிடைத்தது டாக்பெர்ரி. "காமெடி பீஸ்ப்பா. அந்த சீனையெல்லாம் எடுத்துட்டாக்கூட நாடகம் பாட்டுக்கு நடக்கும்" என்றாள். தங்கமணி தன் பங்குக்கு, "அப்பா பொண்ணுக்குப் பொருத்தமாத்தான் குடுத்திருக்காங்க" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார்.

பெண் சொன்னதில் தப்பில்லை. காமெடி டிராக்கைத் தனியாக எழுதி, தனியாக ஷூட் செய்து, படத்தில் சொருகுகிற சினிமா பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் டாக்பெர்ரியை எடுத்துவிட்டால் அந்த நாடகம் முடியவே முடியாது. அதைச் சொல்லப் போய்த்தான் இந்தப் பதிவு.

கதைச் சுருக்கம் இதுதான். இத்தாலியில் மெஸ்ஸீனா என்ற ஊர். ஆளுநர் லியோனாட்டோவின் மகள் பெயர் ஹீரோ (ஆமாம், பெண்ணின் பெயர்தான்). அவளுக்கும் க்ளாடியோவுக்கும் கல்யாணம் நிச்சயமாகிறது. இதைக் கெடுக்க நினைக்கிற டான் ஜான், பொராச்சியோ என்கிற அடியாளுக்கு 1,000 டூக்கட் தருகிறான். கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி, ஹீரோவின் ஜன்னலில் பணிப்பெண் மார்கரெட்டை நிற்க வைத்து, 'ஹீரோ, ஹீரோ' என்று கொஞ்சுகிறான் பொராச்சியோ. தள்ளி நின்று பார்க்கிற க்ளாடியோவும் இளவரசன் டான் பெட்ரோவும் நம்பிவிடுகிறார்கள். மறுநாள் சர்ச்சில், ஊரைக் கூட்டி வைத்து, க்ளாடியோ அவளை நடத்தை கெட்டவள் என்கிறான். பெற்ற அப்பனே அவள் செத்தால் தேவலை என்கிறான்.

படித்த பெரிய மனிதர்கள் இப்படிக் கோட்டை விட, உண்மையைப் பிடிப்பவர்கள் ராக்காவல்காரர்கள். கல்யாணத்துக்கு முன்பே, அதே ராத்திரியில் பிடித்துவிடுகிறார்கள். மழைக்கு ஒதுங்கி நின்று பொராச்சியோ தன் கூட்டாளியிடம் பெருமையடித்துக்கொள்வது இவர்கள் காதில் விழுகிறது. அதையும் அரைகுறையாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். 'டிஃபார்ம்டு', அதாவது உருக்குலைந்த என்ற சொல் நடுவில் வர, அந்தப் பெயரில் திருடன் ஒருவன் இருக்கிறான் என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனாலும் ஆளைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள்.

இவர்களுக்குத் தலைவன் டாக்பெர்ரி. பெரிய வார்த்தைகளில் பேச ஆசை, ஒன்றும் வாயில் சரியாக நுழையாது. 'சஸ்பிஷியஸ்' ஆசாமிகள் இரண்டு பேரைப் பிடித்தோம் என்பதற்கு 'ஆஸ்பிஷியஸ்' என்பான். சந்தேகத்துக்குரியவர்கள் மங்களகரமானவர்கள் ஆகிவிடுவார்கள். (இந்த மாதிரி உளறலுக்கு 'மாலப்ராபிசம்' என்ற பெயர் வந்தது 1775-ல் ஷெரிடன் எழுதிய நாடகத்தில் வரும் மாலப்ராப் அம்மாவால். டாக்பெர்ரி அவருக்கு 170 வருஷத்துக்கு மேல் சீனியர்.)

இது வெறும் கற்பனைக் கேலி இல்லை. அன்றைய இங்கிலாந்தில் கான்ஸ்டபிள் என்பது சம்பளமில்லாத வேலை. குடும்பஸ்தர்கள் முறை வைத்து ஒரு வருஷம் பார்க்க வேண்டும். காசுள்ளவர்கள் பதிலுக்கு ஆள் பிடித்துத் தள்ளிவிட்டுவிடுவார்கள். 1586 ஆகஸ்டில் எலிசபெத் ராணியைக் கொல்லச் சதி செய்த பாபிங்டன் கோஷ்டியை நாடே தேடிக்கொண்டிருந்தது. ராணியின் பொருளாளர் பர்லி பிரபு லண்டனிலிருந்து வீட்டுக்குக் கோச்சு வண்டியில் போகிறார். வழியில் ஊருக்கு ஊர் பத்துப் பேர், பன்னிரண்டு பேர் கும்பலாக நிற்கிறார்கள். மழைக்கு ஒதுங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறார். என்ஃபீல்டில் மழையே இல்லை, அங்கும் கும்பல். கூப்பிட்டு விசாரித்தால், மூன்று இளைஞர்களைப் பிடிக்கக் காவல் நிற்கிறோம் என்கிறார்கள். எப்படி அடையாளம் கண்டுபிடிப்பீர்கள்? ஒருத்தனுக்கு மூக்கு வளைந்திருக்குமாம். வேறு அடையாளம்? கிடையாதாம். நொந்துபோய் அமைச்சர் வால்சிங்கத்துக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. டாக்பெர்ரி மேடைக்கு வந்தபோது ஜனங்கள் சிரித்தது தங்கள் தெருக்கோடியில் நிற்கும் ஆளைப் பார்த்துத்தான்.

இப்போது எனக்குப் பிடித்த இடம். கல்யாணத்தன்று காலையில் டாக்பெர்ரியும் அவன் கிழட்டு உதவியாளன் வெர்ஜஸும் லியோனாட்டோ வீட்டுக்கு வருகிறார்கள். கையில் இருப்பது ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றக்கூடிய செய்தி. ஆனால் விஷயத்துக்கு வராமல் சுற்றிச் சுற்றிப் பேசுகிறான். வெர்ஜஸுக்கு வயதாகிவிட்டது, ஆனால் நல்ல மனுஷன் என்கிறான். லியோனாட்டோ பொறுமையிழந்து 'கழுத்தறுக்கிறீர்களே' என்கிற பொருளில் ஒரு வார்த்தை சொன்னால், அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு புல்லரிக்கிறான். கடைசியில் விஷயத்துக்கு வரும்போது ஆளுநருக்கு நேரமில்லை. 'நீங்களே விசாரியுங்கள், போகும் முன் ஒயின் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்' என்று அனுப்பிவிடுகிறார். அடுத்த காட்சி சர்ச்.

சிரித்துக்கொண்டே பார்க்கிற காட்சி, ஆனால் பார்க்கிறவருக்கு உள்ளுக்குள் பதறும். சொல்லித் தொலையேண்டா என்று கத்தத் தோன்றும். இன்னொரு பக்கம், குற்றவாளி ஏற்கெனவே அகப்பட்டுவிட்டான் என்று நமக்குத் தெரிவதால்தான் சர்ச் காட்சியைத் தாங்க முடிகிறது. சிரிப்பை வைத்தே பயத்தையும் நம்பிக்கையையும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடுகிறார் ஷேக்ஸ்பியர்.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். 1997-ல் நான் டெல்லிக்கு வந்த புதிது. மாடியில் மோட்டார் ஒயரிலிருந்து தீப்பொறி கொட்டுவதைப் பார்த்து, ஓடிப்போய் வீட்டுக்காரரிடம் என் தூர்தர்ஷன் ஹிந்தியில் 'பிஜ்லி கிர் ரஹா ஹை' என்றேன். அவருக்கு அது 'இடி விழுகிறது' என்று கேட்டிருக்கிறது, அதிலும் ஆண்பாலில். மேகமே இல்லாத வானத்தை அண்ணாந்து பார்த்தார், வீட்டிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டு என்னை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு டீ கொடுத்து அனுப்பினார்கள். சாயங்காலம் மோட்டார் எரிந்து போயிற்று. லியோனாட்டோ ஒயின் கொடுத்து அனுப்புகிற இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டீ ஞாபகம் வரும். வெளியூரில் குப்பை கொட்டும் நம்மில் பலரிடம் இப்படி ஒரு டீ கதை இருக்கும்.

அப்புறம் விசாரணைக் காட்சி. டாக்பெர்ரியிடம் விட்டிருந்தால் கேஸ் அம்பேல். எழுதப் படிக்கத் தெரிந்த கோயில் பணியாளர் ஒருவர் கூட இருந்து, 'முதலில் சாட்சியைக் கூப்பிடய்யா' என்று வழிக்குக் கொண்டுவருகிறார். டாக்பெர்ரிக்கு அதிலெல்லாம் கவனமில்லை. கைதி ஒருவன் தன்னைக் கழுதை என்று திட்டியது எழுத்தில் பதிவாகவில்லையே என்பதுதான் அவன் கவலை. எல்லோரிடமும் 'நான் கழுதை என்பதை மறந்துவிடாதீர்கள்' என்று கேட்டுக்கொள்கிறான்.

இந்தக் காட்சியில் ஒரு அச்சுப்பிழை ஒளிந்திருக்கிறது. 1600-ல் வெளிவந்த முதல் பதிப்பில், வசனத்துக்கு முன்னால் டாக்பெர்ரி, வெர்ஜஸ் என்று இருக்க வேண்டிய இடங்களில் 'கெம்ப்', 'கௌலி' என்று அச்சாகிவிட்டது. இரண்டும் நடிகர்களின் பெயர்கள். வில் கெம்ப் அன்றைய லண்டனின் நம்பர் ஒன் கோமாளி. ஷேக்ஸ்பியர் எழுதும்போதே பாத்திரத்தை விட்டு ஆளின் பெயரைப் போட்டுவிட்டார் என்றுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். அந்த உளறல் ஒரு குறிப்பிட்ட உடம்புக்கும் குரலுக்கும் அளவெடுத்துத் தைத்தது.

பதிப்பு வந்தபோது கெம்ப் குழுவிலேயே இல்லை. குளோப் அரங்கில் தனக்கிருந்த பங்கையும் விட்டுவிட்டு, 1600 பிப்ரவரியில் லண்டனிலிருந்து நார்விச் வரை, நூறு மைலுக்கு மேல், நடனமாடிக்கொண்டே போனார். ஆடிய நாட்கள் ஒன்பது, நடுவில் ஓய்வெடுத்த நாட்கள் அதைவிட அதிகம். அதைப் புத்தகமாகவும் போட்டார். அவருக்குப் பின் வந்த ராபர்ட் ஆர்மின் வேறு ரகம். பொற்கொல்லரிடம் தொழில் பழகியவர், தானே எழுதுகிறவர். 'லியர்' நாடகத்தில் ராஜாவிடம் கசப்பான உண்மையைச் சொல்கிற விதூஷகன் அவருக்காக எழுதப்பட்டவன் என்பார்கள். 1609-ல் ஆர்மின் எழுதிய ஒரு முன்னுரையில், தானும் ஒரு காலத்தில் கழுதை என்று எழுதப்பட்டவன்தான் என்கிற மாதிரி ஒரு வரி வருகிறது. டாக்பெர்ரி வேஷம் கைமாறியிருக்கிறது.

இதையெல்லாம் பெண்ணிடம் சொல்லி முடித்தபோது ராத்திரி பதினொன்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அவன் காமெடின்னு நினைச்சுப் பேசக்கூடாது, இல்லப்பா? சீரியஸாத்தான் பேசணும்" என்றாள். கடைசிக் காட்சிகளில் பொராச்சியோவே இளவரசனிடம், உங்கள் புத்திசாலித்தனத்துக்கு எட்டாததை இந்த முட்டாள்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஒத்துக்கொள்கிற இடத்தை எடுத்துக் காட்டினேன். அந்தப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டாள்.

இப்போது ராக்காவலுக்கு ஒரு லாந்தர் வேண்டுமாம். தங்கமணி பரணில் தேடிக்கொண்டிருக்கிறார்.